தீச்சட்டியில் விழுந்த விரிசல்

வளைகுடா வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அண்ணன் கப்பலில் அனுப்பிய சாமான்களில் ஒரு பீங்கான் கரியடுப்பும் இருந்தது. பெரிய பானை ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்தது போன்ற உருவம், கருநீல நிறம். அடியில் காற்று நுழைய ஒரு சிறு கதவு, உள்ளே கரி எரியும் தீச்சட்டி, அதற்கு மேல் கம்பி வலை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அதில் பாரை மீன் சுடுவார். கரி போடுவதும் சாம்பல் அள்ளுவதும் அவரேதான். வேறு யாரும் மூடியைத் தொடக்கூடாது.

போன வருடம் இறந்துபோனார். அடுப்பு எனக்கு என்று சொல்லி வைத்திருந்தாராம். செங்கல் என்ற ஊரிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரில் மகளோடு போய் இருப்பதென்று அண்ணன் மனைவியான மைனி முடிவு செய்ததும், அதைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றி பாறசாலையில் உள்ள என் வீட்டுக்கு அனுப்பினார். கூடவே போனில் ஒன்று கேட்டார்.

"தம்பி, நான் போறதுக்கு முன்ன ஒரு தடவ அதுல சுட்ட மீனு தின்னணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நாற்பது வருடத்தில் மைனி என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்கு ஒரு மாதம் இருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை கருகியிருந்தது. மூடியைப் பிடிக்கும் இரும்பு வளையம் துருவேறியிருந்தது. தீச்சட்டி மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு துண்டு தனியே கிடந்தது. அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் செய்வதைச் செய்தேன்: ஒரு கோப்பு தொடங்கினேன். 'சேதத்தின் காரணம்: கப்பல் பயணத்தில் அடிபட்டது எனக் கருதப்படுகிறது' என்று எழுதினேன்.

அடுப்பைச் செய்த கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தீச்சட்டிக்கு ஆயுள்கால உத்தரவாதம் உண்டு, ஆனால் முதலில் வாங்கியவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அவர் இறந்துவிட்டார், வாரிசுச் சான்றிதழ் அனுப்பலாமா என்று கேட்டேன். முதலில் வாங்கியவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று மறுபடியும் பதில் வந்தது. இதே போன்ற பதிலை எத்தனையோ பேருக்கு நானே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன் என்பதால், கோபப்படுவதற்கான தகுதிகூட எனக்கு இருக்கவில்லை.

தீ தாங்கும் சிமெண்ட் தேடி நெய்யாற்றின்கரையில் நான்கு கடை ஏறினேன். ஒருவர் டைல்ஸ் ஒட்டும் பசையைக் காட்டி, "இது போதும் சாரே" என்றார். கடைசியில் பேக்கரிகளுக்கு ரொட்டி சுடும் போர்மை அடுப்பு கட்டும் மேஸ்திரி ஒருவர் காரோடு என்ற ஊரில் கிடைத்தார். உடைந்த துண்டைப் பொருத்தி, தீச்சட்டியின் உட்புறம் முழுக்கப் பூசினார்.

"பத்து நாளு தொடப்பிடாது. பெறவு மூணு நாளு கொஞ்சமா தீ போடணும். தண்ணி மட்டும் ஆகவே ஆகாது, கேட்டியளா?"

கேட்டேன். பத்து நாள் தொடவில்லை. மூன்று நாள் கொஞ்சமாகத் தீ போட்டேன். பிறகு எல்லா விதிகளையும் தட்டச்சு செய்து மூடியில் ஒட்டினேன். நான்காவது விதி: தண்ணீர் கூடாது. விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. முக்கியமானவற்றை நான் அப்படித்தான் எழுதிப் பழகியவன்.

வெள்ளிக்கிழமை மைனி வந்தார். மறுநாள் மீன், திங்கட்கிழமை ரயில். நான் கரி வாங்கக் களியக்காவிளைக்குப் போய் வருவதற்குள், அடுப்பின் பாதி உயரத்துக்குக் கஞ்சித்தண்ணி நின்றது. ஒழுகாமல் இருக்க மைனியும் என் மனைவியும் அடிக் கதவைக் கோதுமை மாவு பிசைந்து அடைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கஞ்சி போதாமல் பக்கத்து வீட்டிலும் வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் புது மண்சட்டியில் நேராக மீன் வைக்கமாட்டார்கள். கஞ்சித்தண்ணி ஊற்றி ஊறவைத்து, எண்ணெய் தடவி, தீயில் காட்டிப் பழக்கி எடுத்த பிறகுதான் குழம்பு; இதற்கு மயக்குவது என்று பெயர். உட்புறத்தில் புதுப் பூச்சைப் பார்த்த மைனி அதைத்தான் செய்திருந்தார்.

"மயக்காத சட்டியில மீனு வெச்சா மண்ணு வாசன அடிக்கும் தம்பி. நீங்க மறந்துட்டிய."

"அந்தப் பேப்பர்ல எழுதியிருந்தேனே?" என்று என் மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நனஞ்சிரப்பிடாதுன்னு பத்திரமா எடுத்து வேதப்புத்தகத்துக்க அடியில வெச்சிருக்கேன்" என்றாள்.

கஞ்சியைக் கோரி ஊற்றினேன். வெயிலில் வைக்கலாமென்றால் ஐப்பசி மழை. மேசை விசிறியை அடிக் கதவுக்கு நேரே வைத்து சனிக்கிழமை காலைவரை ஓடவிட்டேன். மீனை ஞாயிறுக்குத் தள்ளினாலும் பூச்சு காயப்போவதில்லை. ரயிலைத் தள்ள எனக்கு அதிகாரமில்லை.

சனிக்கிழமை பொழியூர்க் கடற்கரையிலிருந்து பாரை வந்தது. மிகச் சிறிய தீயாகத்தான் போட்டேன். முதலில் ஆவி கிளம்பியது. புளித்த கஞ்சி வாசனை முற்றம் முழுவதும் பரவியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். மேஸ்திரி பூசிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை, அதே விரிசல்.

வாயில் வந்த வார்த்தையைச் சொல்லத் திரும்பினேன். வாசற்படியில் மைனி மீன் தட்டோடு நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"சத்தம் கேட்டுதா? நல்லா மயங்கியாச்சு! கப்பல்ல வந்த அன்னைக்கும் நான்தான் கஞ்சி ஊத்தி வெச்சேன். மறுநாளு தீ போட்டப்ப இதே சத்தம். நான் பயந்துட்டேன். அப்பிடித்தான் கேக்கும், மயங்கினா அடையாளம் ஆக்கும்னு உங்க அண்ணன் சொன்னாரு. ஒடன மூடியப் போட்டாரு. பெறவு ஒரு நாளும் என்னயத் தொறக்க விடல்ல."

சேதத்துக்குக் காரணம் கப்பல் பயணம் என்று கோப்பில் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

மீனை வாங்கிக் கம்பி வலையில் அடுக்கினேன். மூடியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மைனி, "வெந்துதான்னு பாக்கட்டா?" என்று கை நீட்டினார்.

"தொறக்காதுங்க!"

அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. மைனி கையை இழுத்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணனுக்க அதே கொணம்."

மீன் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் சரியாக வேகாமல் வந்தது. மைனி இரண்டு துண்டு தின்றார். திங்கட்கிழமை ரயிலேறினார். தீச்சட்டி இப்போது மூன்று துண்டாகக் கிடக்கிறது. காரோட்டு மேஸ்திரி போனில் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்கிறார். தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பலில் அடிபட்டது என்றும் அவரிடம் சொல்ல முடியாது.