கழுத்தில் கத்தி, வாயில் ‘ம்’

இன்று காலை மேற்கு மாம்பலத்தில் ஷேவிங்குக்காக உட்கார்ந்திருந்தேன். சலூன் டிவியில், ஒரு கொலை வழக்கில் தூக்குத் தண்டனை என்று செய்தி ஓடியது.

பெஞ்சில் காத்திருந்தவர் பேப்பரை மடித்தார். "இவனுங்களுக்கு ஜெயில்ல சோறு எதுக்கு? தொங்க விட்டாத்தான் அடுத்தவனுக்கு பயம் வரும். இன்னா சார் சொல்றீங்க?"

கேள்வி எனக்கு. கடைக்காரர் முருகனின் கத்தி அப்போது என் தொண்டைக்குழிக்கு மேலே இருந்தது.

தூக்கே கூடாது என்று இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். ஆனால் கத்தி வைத்திருப்பவர் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. "ம்" என்றேன்.

"பாத்தியா முருகா, சாரே சொல்லிட்டாரு."

முருகனின் கை நின்றது.

"என் மச்சானை ஒருதபா போலீசு ஆள் மாத்தி புடிச்சுக்கினு போய்ட்டாங்க சார். எட்டு மாசம் உள்ள இருந்தான். அப்பால இவன் இல்லன்னு உட்டாங்க. இப்ப ஆட்டோ ஓட்டிக்கினு கீறான். தூக்குல போட்டுட்டு அப்பால இவன் இல்லன்னா, யார்கிட்ட போய் கேக்கறது?"

பெஞ்சுக்காரர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். கத்தி நகர்ந்தது, முன்பைவிட மெதுவாக. எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

கடைசியில் படிகாரம் தேய்த்துவிட்டுத் துண்டை உதறினார். இப்போது என் கழுத்தில் எதுவும் இல்லை. நானும் உங்கள் பக்கம்தான் என்று சொல்லியிருக்கலாம். "வரேன் முருகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஷேவிங் கத்திக்குப் பயந்து, இன்னொருவன் கழுத்துக்குக் கயிறு கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமும் அங்கேதான் போக வேண்டும். முதலில் உண்மையைச் சொல்வதா, முதலில் ஷேவிங்கா, நீங்களே சொல்லுங்கள்.