மடையன் என்று கத்திய நாள்

எழுபதுகளின் கடைசியில், நான் மெல்பேர்னில் மாணவன். எங்கள் கூடைப்பந்து அணி ஒரு வாரம் வெல்லும், மறுவாரம் மண்ணைக் கவ்வும். ஆட்டம் பார்க்க நான் தவறாமல் போகும் அந்தத் தகரக் கூரை அரங்கில் தரை துடைக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, காதை மூடிய கம்பளித் தொப்பி. துடைத்த இடத்தை ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மொரீசியஸ்காரர் என்று நினைத்திருந்தேன்.

தட்டுத்தடுமாறி இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. அன்று மழை. கூரை ஒழுகி, கடைசி நிமிடத்தில் எங்கள் அணித் தலைவன் ஈரத்தில் வழுக்கிப் பந்தை விட்டான்.

எனக்குத் தலை வெடித்தது. விளங்காது என்ற துணிவில் அந்த மனிதரிடம் தமிழில் கத்தினேன். "நிலம் துடைக்கத் தெரியாத மடையனையெல்லாம் ஏன் வைச்சிருக்கிறாங்கள்?"

அவர் நிமிர்ந்தார். "கூரை ஒழுகுது எண்டு கிழமைக்குக் கிழமை சொன்னனான், தம்பி. ஒருத்தரும் கேக்கேல்லை. நிலத்தை நான் துடைப்பன். மழையை நீர் துடையும்!" துடைப்பானை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

தோற்ற கோபம் அடுத்த வாரமே போய்விட்டது. என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சீசன் முழுக்க அவருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசாதவன் நான். பேசிய முதல் பேச்சே அதுதான்.