சிவப்பைப் பிடித்த ஃபிலிம்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பெஹாலா வீட்டு மொட்டைமாடியில் இரண்டு குளிர்காலம் கேமராவில் ஃபிலிம் மாற்றி ஃபிலிம் போட்டு, ஓரியன் நெபுலா என்ற விண்முகிலின் சிவப்பை விழுங்காத ஒன்றைக் கண்டுபிடித்தவன் நான். நம் ஊர்க்காரர்தானே என்று எங்கள் வானியல் சங்கச் செயலாளரிடம் அதைச் சொன்னேன்.

இன்று சால்ட் லேக் புகைப்படக் கண்காட்சியில் அதே சிவப்பு, அவர் பெயரோடு சட்டத்துக்குள் தொங்கியது.

"எந்த ஃபிலிம்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?" என்று ஒருவர் அவரிடம் கேட்டார்.

"எல்லாம் சொந்த அனுபவம்தான்."

என்னைக் கண்டதும், வங்காளிகள் அண்ணனை அழைப்பதுபோல், "வாங்க தாதா! நீங்களும் இந்த ஃபிலிமைப் போட்டுப் பாருங்களேன்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

படத்துக்கு அடியில் இல்லாத என் பெயர் இந்தப் பதிவுக்கு அடியில் மட்டும் எதற்கு? பெயரில்லாமலே போடுகிறேன். யார் எழுதியது என்று அவரையே கேளுங்கள். தான்தான் என்பார்.