நாற்காலியில் ஒட்டிய படம்

அலுவலகத்தில் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் ஓடும் எண்ணூறு பேருந்துகளும் ஐந்து நொடிக்கு ஒருமுறை, தாம் இருக்கும் இடத்தைச் செய்தியாக அனுப்பும். அவற்றை வாங்கி, ஏழு நாள் வைத்திருந்து, பயணிகளின் போன்களுக்கு ஓயாமல் தள்ளிவிடும் மென்பொருளைக் காப்பது அவள் வேலை. அது பல துண்டுகளாக, கன்டெய்னர் என்ற பெட்டிகளுக்குள் ஓடும். ஒரு பெட்டி செத்தால், மேலே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் இன்னொரு மென்பொருள் அரை நிமிடத்தில் வேறொன்றைக் கிளப்பிவிடும். எந்தப் பெட்டிக்கும் மாற்று உண்டு. அவளுக்குத்தான் மாற்றுக் கிடையாது என்று மேலாளர் முடிவு செய்திருந்தார்.

நாலு வருடத்தில் அவள் மூன்று முறை லீவு எடுத்தாள். மூன்று முறையும் எல்லாம் படுத்துவிட்டது. போனில் பேருந்துகள் அத்தனையும் அசையாமல் நின்றன. நிஜப் பேருந்து கண்ணெதிரே வந்து நின்றும், போனில் வரவில்லையே என்று ஏறாமல் நின்றவர்கள் உண்டு.

இப்போது தங்கைக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வேறு ஆளில்லை. பத்து நாள் கேட்டாள்.

"ஏம்மா, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு போனீங்க, விழுந்துச்சு. வீடு மாத்தணும்னு போனீங்க, விழுந்துச்சு. காய்ச்சல்னு படுத்தீங்க, அதுவும் கூடவே படுத்துச்சு!"

"நான் போனதாலதான்னு என்ன சாட்சி சார்?"

"மூணு தடவை! இன்னும் என்ன சாட்சி வேணும்?"

"மூணு தடவையும் நீங்க ஆபீஸ்லதான் இருந்தீங்க. அப்ப நீங்க காரணமா?"

மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

இரண்டு பட்டம் வாங்கிய மனிதர் அவர். இதே கணக்கைப் போட்டுத்தானே எத்தனையோ பெண்களை ராசியில்லாதவள் என்று மூலையில் உட்கார வைத்தோம்? இவளை ராசிக்காரி என்று நாற்காலியில் கட்டிப்போட்டார்கள். கயிறு ஒன்றுதான்.

அந்த மூன்று லீவுகளின் பதிவுகளையும் தோண்டி எடுத்தாள். மூன்றிலும் காலை ஒன்பது பத்துக்கு மேலாளரின் லாகின் கணக்கு மென்பொருளுக்குள் நுழைந்திருந்தது.

"நான் இல்லாதப்ப என்ன பண்ணீங்க சார்?"

"எல்லாம் ஓடுதான்னு பாத்தேன்."

"எங்கேர்ந்து?"

"முதல்லேர்ந்துதான். பாதியிலேர்ந்து பாத்தா மனசு ஆறாதும்மா."

"கம்ப்யூட்டர்ல எத்தனை ஜன்னல் தொறந்து?"

"ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு... ஒரு இருபது."

ஏழு நாளின் ஏழு கோடிச் செய்திகளை, முதலிலிருந்து, இருபது தடவை ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறார். பெட்டிகள் மூச்சுத் திணறிச் செத்தன. மாற்றாக வந்தவையும் அதே நெரிசலில் நசுங்கின. அவர் பயந்து மேலும் ஐந்து ஜன்னல் திறந்தார்.

பொறுமையாக விளக்கினாள். "அதெல்லாம் இல்லம்மா, பாக்கறதுனால எதாவது விழுமா?" என்றார். அவர் லாகின் கணக்கு நொடிக்கு இத்தனை செய்திதான் படிக்கலாம் என்று வரம்பு கட்டும் படிவத்தை நீட்டினாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவள் அப்போதே வரம்பைக் கட்டிவிட்டாள். லீவு விண்ணப்பத்தில் மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

"தங்கச்சிகிட்ட என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு கேளுங்களேன்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"குழந்தைகிட்ட நீங்களே கேளுங்க சார்," என்று பையைத் தோளில் மாட்டினாள். "நான் போறேன். வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க."

ஆறாம் நாள், தங்கை மகளை மடியில் வைத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் போன் செய்தாள்.

"அக்கா, இதுவரைக்கும் ஒண்ணும் விழல!"

"அவரு என்ன சொல்றாரு?"

"அத நீங்களே வந்து பாருங்க."

பத்து நாள் முடிந்து வந்து பார்த்தாள். அவள் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி நாற்காலி முதுகில் ஒட்டியிருந்தார்கள். பத்து நாளும் யாரும் அதில் உட்காரக் கூடாதாம்.

"பாத்தீங்களா? போட்டோ வச்சேன், விழல!" மேலாளர் முகமெல்லாம் பல். "இனிமே எப்ப வேணா லீவு எடுங்க. போட்டோ மட்டும் இருக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் லீவுக் கவலையில்லை. அவள் படத்தை உரித்தாள். நாலாகக் கிழித்து அவர் மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு விண்ணப்பம்.

"நாளைக்கு லீவு சார்."

"எதுக்கு?"

"சும்மா வீட்ல இருக்கப் போறேன்."

"அப்ப போட்டோ?"

"கிடையாது."

மறுநாள் அவள் வரவில்லை. எண்ணூறு பேருந்துகளும் போனில் ஒழுங்காக ஓடின. அந்த நாலு துண்டுகளையும் மேலாளர் அன்று முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்ததாக டெஸ்டர் சொன்னாள்.