செவலையின் காலில் மிளகாய்

எங்கள் வீட்டு நாய் மணி முன்னங்காலை நக்கிக்கொண்டே இருக்கும். டிவி சத்தத்தையும் மீறி அந்தச் சளப் சளப் கேட்கும். போன வாரம் ஆலங்காயத்திலிருந்து வந்த மாட்டு டாக்டரம்மா விரல்களைப் பிரித்துப் பார்த்து, இடுக்கியால் ஓர் ஊசிப்புல் விதையை இழுத்து எடுத்தார்.

"சும்மா நக்காதுங்க. வலிக்கும், அரிக்கும், இல்ல தனியா கெடக்கிற ஏக்கமா இருக்கும். அதட்டாதீங்க, இன்னா காரணம்னு பாருங்க," என்றார்.

புண் ஆறும்வரை நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார். மணி திருவிழா ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிட்டது. வெளியே போய் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டுமாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஜவ்வாது மலையில் இன்று மூன்று லாரி என் பெயரில் ஓடுகிறது. இந்த ஒரு முள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்ததும், மூக்கில் புளி வாசனை ஏறியது.

அடிவாரத்துப் புளி மண்டியின் வாசனை அது. மூட்டை தூக்க அங்கேதான் முதலில் மலையிறங்கினேன். கூடவே செவலையும் இறங்கியது. எனக்கென்று அப்போது இருந்த ஒரே உயிர் அந்த நாய்தான். கொட்டை எடுத்த புளியில் கல்லுப்பைத் தூவி மிதித்து அடைப்போம். செவலை ஓரமாக உட்கார்ந்து நாள் முழுக்கக் காலை நக்கும். பாதத்தில் உப்பும் புளியும் ஒட்டியிருக்கிறது, ருசிக்கு நக்குகிறது என்றே மண்டியில் எல்லோரும் நினைத்தோம். புளிக்கு நடுவே கிடப்பவனுக்கு வேறென்ன தோன்றும்!

மேஸ்திரிக்கு மட்டும் எரிச்சல்.

"டேய் மலைக்காரா, இன்னிக்குக் காலு, நாளிக்கு மூட்டைய நக்கும். மொளகாய அரைச்சுத் தடவு. இல்லன்னா நாயோட நீயும் மல ஏறிடு."

தடவியதும் செவலை கத்திய கத்தல்! கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மூன்றாம் நாள் மலைப்பாதை ஓடையோரம் கண்டேன். கால் வீங்கி, தண்ணீரில் நீட்டியபடியே செத்திருந்தது. அதற்கும் அந்தப் பாதையின் ஊசிப்புல்தான் ஏறியிருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது. அன்று புரிந்தது ஒன்றுதான்: மேஸ்திரியை ஒருநாள் என் முன்னால் நிற்க வைக்க வேண்டும்.

நிற்க வைத்தேன்! அந்த வெறியில்தான் லாரியே வாங்கினேன். மண்டி நொடித்த பிறகு, மருமகனுக்கு டிரைவர் வேலை கேட்டு வந்தார். நாற்காலி போடவில்லை, மோர் கொடுக்கவில்லை; உச்சி வெயிலில் அப்படியே நிற்க விட்டேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"செவல நெனப்பிருக்கா மேஸ்திரி? நீ மொளகா தடவிக் கொன்ன நாயி."

அதுவரை வாய்க்கு வாய் 'ங்க' போட்டவர் நிமிர்ந்தார். "நான் வாயால சொன்னேன்டா. தடவுன கையி உன்னுது. வேலைய வுட்டுட்டு நாய இட்டுக்கினு போயிருக்கலாமே?"

வேலை கிடையாது என்று விரட்டினேன். இன்னொரு முறை வந்தாலும் விரட்டுவேன். வர மாட்டார், போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அங்கே மூட்டை தூக்கியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். மிளகாயைத் தடவியது மேஸ்திரி என்றுதான் இத்தனை வருஷமும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல இருந்த ஒரே வாயும் போய்விட்டது.