மந்திரியம்மாவின் பதில்

சட்டமன்றம் கூடினால் இப்போதும் என் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. ஓய்வு பெற்றாகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேள்வி நேரத்தைக் கைப்பேசியில் பார்க்கிறேன். அமைச்சர் எழுந்து கையிலிருக்கும் தாளைப் பார்த்ததும், இதை எந்த ஊர் அலுவலகத்தில் யார் வேர்க்க விறுவிறுக்க எழுதினார்களோ என்றுதான் தோன்றும். "உனக்கு மட்டும் இன்னும் ரிடையர்மென்ட் ஆர்டர் வரலியா?" என்று கணவர் கிண்டலடிக்கிறார். அடிக்கட்டும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சாலையும் பாலமும் போடும் அலுவலகத்தில் நான் உதவியாளர். அவையில் ஓர் உறுப்பினர் கேட்கும் கேள்வி சென்னையிலிருந்து படிப்படியாக இறங்கி எங்கள் மேசைக்கு வரும். மாலைக்குள் பதில் மேலே போயாக வேண்டும். பதில் மட்டும் போதாது. அமைச்சர் சொல்லி முடித்ததும் உறுப்பினர் துணை வினா கேட்பார். அவர் என்னவெல்லாம் கேட்கக்கூடும், அதற்கு என்ன சொல்லலாம் என்பதையும் நாங்களே யோசித்து எழுத வேண்டும்.

அதற்கு எங்கள் கண்காணிப்பாளர் ஒரு வழி வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸ்களை ஓரம் தள்ளியதும் அவர் உறுப்பினராகிவிடுவார். தட்டச்சர் சபாநாயகர். மந்திரி எப்போதும் நான்தான். பீரோ பக்கத்தில் நின்று பதிலை வாசிப்பேன், அவர் மடக்கி மடக்கிக் கேட்பார். மாட்டிக்கொண்டால் அன்றைய டீ என் தலையில். மந்திரியம்மா என்ற பெயர் டீக்கடை வரை பரவியிருந்தது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அந்த முறை வந்தது வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஓடையின் குறுக்கே கட்டப்படும் நடைபாலம் பற்றிய கேள்வி. மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட முடியாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது நின்றுவிடும். கோப்பில் 'பணி நடைபெற்று வருகிறது' என்று இருந்தது. அதையே வாசித்தேன். எப்போது முடியும் என்றார் கண்காணிப்பாளர். விழித்தேன். எத்தனை தூண் எழுந்திருக்கிறது என்றார். அதற்கும் விழித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனாவை எடுத்து, 'பணி முடிவுறும் நிலையில் உள்ளது' என்று திருத்தி மறுபடி வாசித்தேன். அதற்கு மேல் அவருக்குக் கேள்வி கிடைக்கவில்லை. கைதட்டினார்கள். அன்றைய டீ அவர் தலையில். அந்தத் தாள் அப்படியே மேலே போயிற்று.

அமைச்சர் அதை அவையில் எழுத்து மாறாமல் வாசித்தார். மேசைகள் தட்டப்பட்டன.

பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது மலையிலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கூலி வேலை செய்பவர். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். கள்ளக்குறிச்சி விடுதியில் இடம் கிடைத்திருந்ததாம். யாரோ செல்போனில் அமைச்சர் பேசியதைக் காட்டியதும், மகளைப் பிரிய மனமில்லாமல் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓடைக்கு அக்கரைப் பள்ளியிலேயே சேர்த்தாகிவிட்டது. பாலம் எந்தத் தேதியில் திறப்பார்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தார். "மந்திரியே சொல்ட்டாரு, அப்றம் இன்னாங்கம்மா?" என்றார் சிரித்தபடி.

அவர் எதிரிலேயே பொறியாளருக்குப் போன் செய்தேன். இரண்டு தூண்கள் மட்டுமே எழுந்திருந்தன. விடுதிக் காப்பாளரைக் கேட்டேன். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்று என் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். கோழைத்தனம்தான்.

கண்காணிப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மெமோ வரும், சஸ்பென்ஷனும் வரலாம் என்பது இருவருக்கும் தெரியும். அன்று அவர் உறுப்பினராக நடிக்கவில்லை. "உள்ளத உள்ளபடி எழுதும்மா. கேள்வி கேட்டு உசுப்பேத்தனது நானு, கையெழுத்தும் நான் போடறேன்" என்றார்.

திருத்தம் மேலே போன அடுத்த வாரம் அலுவலக டிவி முன்னால் நின்றோம். அமைச்சர் எழுந்து, தாம் முன்பு சொன்ன பதில் தவறு, பாலத்துக்குத் தூண்களே முழுதாக எழவில்லை, அவை பொறுத்தருள வேண்டும் என்றார். தவறான தகவல் கொடுத்த அதிகாரி யார் என்று எதிர்வரிசையில் கத்தினார்கள். "இந்த அவையில் பதில் சொன்னது நான். பொறுப்பும் என்னுடையது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பெயரைச் சொல்லி அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. எங்களுக்கு மெமோவோடு போயிற்று.

மறுநாள் அந்தப் பெண்ணின் போன் வந்தது. அவரும் பார்த்திருக்கிறார். "பாவம், மந்திரி இன்னா பண்ணுவாரு. எவனோ தப்பா எழுதிக் குட்த்துக்கிறான்" என்றார்.

"நான்தாம்மா எழுதுனேன்."

 பாலம் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார், இந்த முறை நிஜத்தைச் சொல்லச் சொல்லி.

"இந்த வருசம் முடியாதும்மா."

"இத அன்னிக்கே எழுதிக் குட்த்திருந்தா புள்ளய ஆஸ்டல்ல வுட்டிருப்பேனே" என்றார்.