அட்மிரலுக்கு ஒரு தட்டு

ஓட்டோ ஹாசெக் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவன். கடலைக் கண்ணால் பார்த்திராத அவனைக் கடற்படை பிடித்துச் சமையல்காரனாக்கி, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவொன்றில் கொண்டுபோய்த் தள்ளியது. 1943. ஜப்பான்காரன் வருவான், வருவான் என்று காத்திருந்தார்கள், வந்ததெல்லாம் காற்றுதான். பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. சேறு, மூடுபனி, பாதி மண்ணில் புதைந்த தகரக் கொட்டகைகள். கொட்டகைக்குக் கொட்டகை வடம் கட்டியிருக்கும். காற்று நாளில் அதை விட்டவன் திரும்புவது அவன் அதிர்ஷ்டம்.

பைத்தியம் பிடிக்காமலிருக்க அவர்களுக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் தேவைப்பட்டது. இல்லாத நாய் ஒன்றை வளர்த்தார்கள். கடற்படைத் தளபதியின் பட்டமான அட்மிரலையே அதற்குப் பெயராக வைத்தது கொழுப்புத்தான். புதிதாக வருகிறவன் அதைக் குளிப்பாட்ட வேண்டும். நடக்கிறவன் அதை மிதிக்காமல் தாண்ட வேண்டும். ஓட்டோ தினமும் ஒரு துண்டு இறைச்சியைத் தகரத் தட்டில் போட்டு அடுப்பருகே வைப்பான். யாராவது தின்றுவிடுவார்கள். ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்ற நப்பாசையில் சிலர் டாக்டரிடம் போய், நாய் குரைக்கிறது, தூக்கம் வரவில்லை என்று அழுதும் பார்த்தார்கள். அவர் ஆஸ்பிரின் கொடுத்து விரட்டினார்.

ஓட்டோவின் பக்கத்துக் கட்டில்காரன் டெல்மர் ப்ரூயிட். ஒருநாள் அவன் சிரிப்பதை நிறுத்தினான். தன் கம்பளியைத் தரையில் நாய்க்குப் போர்த்திவிட்டு நடுங்கியபடி கிடந்தான். நடிப்பில் இவனை மிஞ்ச ஆளில்லை என்று மற்றவர்கள் கைதட்டினார்கள். ஓட்டோ மட்டும் எழுந்து தன் கம்பளியை அவன்மேல் போட்டான்.

கப்பல் வந்தது. மறுநாளே கிளம்பிவிடும், அடுத்தது எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஓட்டோ டாக்டரிடம் ஓடினான்.

"டாக்டர், டெல்மர் நெஜமாவே அந்த நாயப் பாக்குறான். இந்தக் கப்பல்லயே அனுப்பிடுங்க."

"அடுத்த ஆளு வந்தாச்சா? நாய்க்கும் சேத்து டிக்கெட் போடவா?"

"வெளையாட்டு இல்ல டாக்டர். செத்துடுவான்."

"போன வாரம் வந்தவனும் இதத்தான்பா சொன்னான்."

புலி வருது கதைதான். புலிக்குப் பதில் நாய். டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

வடத்தைப் பிடித்துத் திரும்பும்போதே காற்று ஆளைத் தூக்கப் பார்த்தது. டெல்மரின் கட்டில் காலியாக இருந்தது.

"எங்கடா அவன்?"

கொட்டகையின் கோமாளி ரஸ்டி முகத்தில் ஈயாடவில்லை. "அட்மிரல் வெளிய ஓடிருச்சுன்னு சும்மா சொன்னேன்டா. கோட்டுகூடப் போடாம போயிட்டான்."

ஓட்டோ இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். டெல்மர், டெல்மர் என்று கத்தினான். கத்தினதைக் காற்று அவன் வாய்க்குள்ளேயே திருப்பி அடைத்தது. கயிறும் முடிந்துவிட்டது. நான் வைத்த தட்டுதானே, நான் வைத்த தட்டுதானே என்று அழுதான். பிறகு, வேறு வழி தெரியாமல், விசிலடித்தான்.

"அட்மிரல்! வாடா, கறி வச்சிருக்கேன்! அட்மிரல்!"

பக்கத்துப் பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"கத்தாதடா, பயப்படுது! இங்கதான் இருக்கு, என்கிட்ட!"

ஓட்டோ அவனை எட்டிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் கயிற்றோடு இழுத்து வந்தார்கள். வாசலில் டெல்மர் நகர மறுத்தான். "கதவச் சாத்தாத. அது இன்னும் உள்ள வரல." காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் புரட்டியது. ரஸ்டி கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

டெல்மரின் உறைந்து கறுத்த விரல்கள், இல்லாத ஒன்றை அணைத்திருப்பதைப் பார்த்த டாக்டர், கப்பலுக்கு அனுமதி எழுதினார். மறுநாள் படகுத்துறையில் டெல்மர், கட்டுப் போட்ட கையை ஓட்டோவிடம் நீட்டினான்.

"கப்பல்ல நாய விடமாட்டாங்களாம். நீ பாத்துக்கடா."

"பாத்துக்கறேன்." இல்லாத கயிற்றை ஓட்டோ வாங்கிக்கொண்டான்.

அன்று சாப்பாட்டின்போது அவன் வழக்கம்போல அட்மிரலின் தட்டை அடுப்பருகே வைத்தான்.

"இன்னும் எதுக்குடா இது?" என்றான் ரஸ்டி.

"சொல்லிட்டுப் போயிருக்கான்ல."

இறைச்சியை யாரும் தொடவில்லை. ஓட்டோ எழுந்துபோய்க் கதவைத் திறந்து, அந்தக் குளிரில், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.